சித்திரை முதல் நாள்: 25 பேருக்கு வீட்டிலேயே இலை போட்டு விருந்து வைப்பது எப்படி?

உங்கள் கேள்வி இது: ஏப்ரல் 14 அன்று, தமிழ்ப் புத்தாண்டுக்கு, இரு பக்கத்து உறவினர்களையும் சேர்த்து 25 பேரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறீர்கள், இதுவரை எட்டுப் பேருக்கு மேல் சமைத்த பழக்கமில்லை, என்னென்ன செய்யலாம், எவ்வளவு வாங்க வேண்டும், எப்போது எதைத் தொடங்க வேண்டும், அல்லது பேசாமல் வெளியில் ஆர்டர் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டில் இந்த விருந்தை நடத்திவருகிறேன். வீட்டிலேயே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் திட்டமிடத் தொடங்கும் முன் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்: அன்று சமைத்தவர்கள் அத்தனை பேரும் இலை முன் உட்கார்ந்து, யாராவது பரிமாற, சூடாகச் சாப்பிட வேண்டும். பதார்த்தங்களின் எண்ணிக்கை, வடையின் வகை, பந்தியின் வரிசை எல்லாவற்றையும் இந்த ஒன்றிலிருந்தே தீர்மானிக்கலாம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் அம்மா. என் சிறு வயதில் ஒவ்வொரு வருஷப் பிறப்பன்றும் கூடத்தில் மூன்று பந்தி நடக்கும். மூன்றிலும் அம்மாவை யாரும் பார்த்ததில்லை. அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருப்பார். நான்கு மணிக்கு மேல், மிஞ்சிய கிழிந்த இலை ஒன்றில், ஆறிப்போன சாதத்தில் ரசத்தை ஊற்றி, சுவரில் சாய்ந்தபடி சாப்பிடுவார். அன்றைய பாயசம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டால், ருசி பார்த்த கரண்டியைத் தவிர வேறு பதில் அவரிடம் இருந்திருக்காது. நான் குடும்பப் பொறுப்பை ஏற்றபின் முதலில் மாற்றியது இதைத்தான்.

முதலில் பதார்த்தங்கள். இலை நிறைய இருக்க வேண்டும் என்ற ஆசையில் பதினைந்து, இருபது என்று எழுதிவிடுவோம். முதன்முறை செய்பவருக்கு அது வேண்டாம். மாங்காய்ப் பச்சடி, ஒரு பொரியல், ஒரு கூட்டு, உருளைக்கிழங்கு வறுவல், பருப்பு வடை, அப்பளம், நெய்யுடன் பருப்பு, சாம்பார், ரசம், பாயசம், தயிர், ஊறுகாய் என்றால் இலை நிறைந்துவிடும். இதற்கு மேல் ஒன்று சேர்க்க ஆசைப்பட்டால் முதல் நாளே செய்து வைக்கக்கூடிய வத்தக்குழம்பைச் சேருங்கள். அது மறுநாள்தான் இன்னும் ருசியாக இருக்கும். போளி செய்ய வேண்டாம். ஒவ்வொன்றாகத் தட்டிக் கல்லில் போட்டு எடுக்க ஒருவரை முழு நேரமும் பிடித்து வைத்துக்கொள்ளும் பலகாரம் அது. வேண்டுமானால் அதை மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வடையில் மெதுவடையைத் தவிர்த்துப் பருப்பு வடையைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. உளுந்து வடை எண்ணெயிலிருந்து எடுத்த சற்று நேரத்தில் தளர்ந்துவிடும். அதனால்தான் பந்தி நடக்கும்போதே ஒருவர் அடுப்பின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. கடலைப் பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்து, கொரகொரப்பாக அரைத்த வடை ஒரு மணி நேரம் ஆனாலும் மொறுமொறுப்பு குறையாது. உப்பையும் வெங்காயத்தையும் பொரிப்பதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். முன்பே சேர்த்தால் நீர் விட்டு, மாவு தளர்ந்து, வடை எண்ணெய் குடிக்கும். நாள் கிழமையில் வெங்காயம் சேர்க்காத உறவினர் இருக்கிறார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் எல்லாருக்குமே இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருவருக்காகத் தனி வடை என்று அவரைத் தனித்துக் காட்ட வேண்டியதில்லை.

இந்த நாளின் உயிர் மாங்காய்ப் பச்சடியில் இருக்கிறது. வேம்பு பூத்து, மாங்காய் காய்த்துக் கிடக்கும் பருவத்தில் ஆண்டு பிறப்பதால் இரண்டும் ஒரே கிண்ணத்துக்கு வருகின்றன. இனிப்பும் புளிப்பும் கசப்பும் காரமும் உப்பும் ஒரே வாயில் கிடைக்கும். மாங்காயைக் குழைய வேகவைத்து, வெல்லப் பாகு சேர்த்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கடுகும் மிளகாயும் தாளித்த பிறகு, வேப்பம்பூவைத் தனியாகக் கவனியுங்கள். சிறு கரண்டியில் நெய் ஊற்றி, சிறு தீயில், காய்ந்த பூவைப் போட்டால் முதலில் ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். பிறகு வெளிறிய மஞ்சள் பழுப்பாகும். கசப்பான வாசனை வறுத்த வாசனையாக மாறும். பழுப்பு செம்மையாகத் திரும்பும் அந்த நொடியில் கரண்டியை அடுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். இன்னும் சில நொடி விட்டால் கருகிப் பச்சடி முழுவதும் அந்தக் கருகலே நிற்கும். பூவைப் பரிமாறும் முன் மேலாகத் தூவுங்கள். கசப்புப் பிடிக்காத குழந்தைக்கு மூன்று பூ போதும். ஆனால் அந்த மூன்றையும் வைக்காமல் விடாதீர்கள்.

அளவுகளுக்கு வருகிறேன். எட்டுப் பேருக்கான அளவை மூன்றால் பெருக்கினால் எல்லாமே மிஞ்சும். பல பதார்த்தங்கள் இருக்கும்போது ஒவ்வொன்றையும் மக்கள் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். 25 பேருக்கு, சிறுவர்களும் அதில் அடக்கம் என்றால், 3 கிலோ பச்சரிசி சரியாக இருக்கும். துவரம் பருப்பு சாம்பாருக்கு 700 கிராம், நெய் ஊற்றிச் சாப்பிடும் பருப்புக்கு 350 கிராம், ரசத்துக்கு 150 கிராம் என்று மொத்தம் 1 கிலோ 200 கிராம். பீன்ஸ் பொரியலுக்கு 2 கிலோ, கூட்டுக்கு 2 கிலோ பூசணியோ சௌசௌவோ, அதில் சேர்க்கப் பாசிப் பருப்பு 300 கிராம், வறுவலுக்கு உருளைக்கிழங்கு இரண்டரைக் கிலோ. பச்சடிக்கு மாங்காய் 1 கிலோவும் வெல்லம் அரைக் கிலோவும். கடலைப் பருப்பு 1 கிலோவில் சுமார் 60 வடை வரும். ஆளுக்கு இரண்டு போக, படையலுக்கும் கேட்கிற பிள்ளைகளுக்கும் மீதி இருக்கும். தயிருக்கு 3 லிட்டர் பால், நெய் அரைக் கிலோ, தேங்காய் ஏழு, புளி 300 கிராம். இவற்றில் தைரியமாகக் கூட்டிக்கொள்ளக்கூடியவை வடையும் ரசமும் மட்டுமே. மற்ற எதையும் பயத்தில் கூட்டாதீர்கள். சாதம் மட்டும் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்ற கவலை வரும். அதற்கு அரைக் கிலோ அரிசியைக் கழுவி, சிறிய குக்கரில் தயாராக வைத்திருங்கள். தேவைப்பட்டால் ஏற்றலாம், இல்லாவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு ஆகும்.

பாயசம் பாசிப் பருப்பில், தேங்காய்ப்பாலில் செய்வது இந்த நாளுக்குப் பொருத்தம். பருப்பு 400 கிராம், வெல்லம் 900 கிராம், தேங்காய் மூன்று. வெல்லத்தோடு பசும்பால் சேர்த்துக் கொதிக்கவைத்தால் திரிந்துபோகும் அபாயம் எப்போதும் உண்டு. தேங்காய்ப்பாலிலும் முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விட்டால் பிரிந்து, மேலே எண்ணெய்த் திட்டாக நிற்கும். நானே ஒரு வருடம், அவசரத்தில், முதல் பாலை ஊற்றிய உருளியை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசலுக்கு விருந்தினரை அழைக்கப் போனேன். திரும்பி வந்தபோது மூன்று தேங்காயின் பால் திப்பித் திப்பியாக மிதந்தது. அன்றைய பாயசத்தை இறக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து உருளியை அடுப்பிலிருந்து கீழே இறக்கி வைத்த பிறகே முதல் பாலைக் கையில் எடுக்கிறேன்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போடுங்கள். படையல் போட்டுக் கும்பிட்ட பிறகே முதல் இலை என்பதால், 12:30 மணிக்குப் பந்தி என்றால் 12 மணிக்கு எல்லாமே தயாராக இருக்க வேண்டும். சாதம் கடைசியாக, 11 மணிக்கு மேல்தான் அடுப்பேற வேண்டும். பத்து லிட்டர் குக்கரில் ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ அரிசி வசதியாக வேகும்; ஆகவே அக்கம்பக்கத்தில் இன்னொரு குக்கர் கேட்டு வாங்கி, இரண்டையும் அடுத்தடுத்து ஏற்றுங்கள். இரண்டாவது குக்கரை இரண்டாம் பந்தி வரை திறக்கவே வேண்டாம். சூடு அப்படியே நிற்கும். ரசம் 11:30 மணிக்கு நுரை கட்டியதும் இறங்க வேண்டும், அதைக் கொதிக்க விடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. சாம்பாரும் கூட்டும் 11 மணிக்குள், வறுவல் அதற்கு முன், வடை 11 முதல் 12 வரை.

காலையில் இவ்வளவுதான் மிஞ்ச வேண்டுமென்றால் முதல் நாள் மாலை கடுமையாக உழைக்க வேண்டும். பீன்ஸை நறுக்கித் துணிப்பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைக்கலாம், பூசணியையும் அப்படியே. உருளைக்கிழங்கை மட்டும் காலையில்தான் நறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துப்போகும். சாம்பார்ப் பொடி, ரசப் பொடி எல்லாவற்றையும் அளந்து சிறு கிண்ணங்களில் எடுத்து வைத்து, எது எதற்கு என்று காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். காலையில் உதவிக்கு வரும் நாத்தனாரோ சித்தியோ ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கேட்க வேண்டியிருக்காது. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள். பாசிப் பருப்பை வறுத்து வைக்கலாம். அப்பளத்தைப் பொரித்து, ஆறியதும் காற்றுப் புகாத டின்னில் போட்டு மூடிவிட்டால் மறுநாள் மதியம் வரை நொறுங்கும். பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டில், இரவு படுக்கப்போகும் முன்தான் உறை ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மாலையிலேயே ஊற்றினால் விடிவதற்குள் புளித்துவிடும். தேங்காய் துருவிய பிறகு வெளியில் வைக்காதீர்கள். இந்த வெக்கையில் முதலில் கெடுவது அதுதான்.

இன்னொன்று, கேஸ் சிலிண்டர். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும்; இப்போது ஓடுவது எப்போது மாற்றியது என்பதைப் பார்த்து, நிரம்பிய மாற்றுச் சிலிண்டர் ஒன்றை முந்தின வாரமே வீட்டில் வைத்துவிடுங்கள். இரண்டு பர்னர் அடுப்பானால் இன்னொரு அடுப்போ இண்டக்ஷன் அடுப்போ இரவல் வாங்குவது நல்லது. அண்டா, குண்டான், சாம்பார் வாளி, ஜல்லிக்கரண்டி, பரிமாறும் கரண்டிகள் ஆகியவற்றைப் பாத்திர வாடகைக் கடையில் முதல் நாளே எடுத்து, கழுவி, கவிழ்த்து வைக்க வேண்டும். குடிநீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று போதும் என்று தோன்றும். வெயிலை நினைத்து இரண்டாக வாங்குங்கள். ஒன்றில் வெட்டிவேர் போட்டு மண்பானைக்கு மாற்றிவிட்டால் வந்தவர்கள் வேறு எதையும் குடிக்கக் கேட்கமாட்டார்கள்.

வாழையிலையில் நுனி இலையாக 30 வாங்குங்கள், ஐந்து கிழியும். முந்தின நாள் மாலை வாங்கி, ஈரத் துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். வாடிய இலை நரம்போடு கிழிந்து ரசத்தைத் தரைக்கு விட்டுவிடும். நுனி, சாப்பிடுபவருக்கு இடப்பக்கம் இருக்கும்படி போட வேண்டும். அகன்ற பகுதி வலக்கைக்குக் கிட்டும். பரிமாறும் வரிசை ஊருக்கு ஊர் மாறும், ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதைக் கேளுங்கள். எங்கள் பக்கம் முதலில் ஒரு கரண்டி பாயசம், பிறகு பச்சடி, பொரியல், கூட்டு, வறுவல், இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும், வடை, அப்பளம், அதன் பிறகு சாதம், பருப்பு, நெய். அடுத்தடுத்துச் சாம்பார், ரசம், மறுபடியும் பாயசம், கடைசியில் தயிர். எந்த வரிசையானாலும் சாதம் விழுவதற்குள் சுற்றிலும் உள்ளவை முழுவதும் வந்துவிட வேண்டும். சாதத்தைப் போட்டுவிட்டுப் பொரியலுக்காகக் காக்க வைப்பது விருந்தினரைச் சங்கடப்படுத்தும்.

ஓர் ஆள் உட்கார இரண்டடி அகலம் வேண்டும். பதினாறு அடி நீளக் கூடத்தில் ஒரு வரிசைக்கு எட்டுப் பேர். எதிரெதிரே இரண்டு வரிசை போட்டு, நடுவில் பரிமாறுபவர் நடக்க மூன்றடி விட்டால் 16 பேர் உட்காரலாம். எனவே 25 பேரை ஒரே பந்தியில் அடைக்க முயலாதீர்கள். இரண்டு பந்தியாகப் பிரிப்பதுதான் நான் முதலில் சொன்ன முடிவுக்கும் வழி. முதல் பந்தியில் பெரியவர்கள், குழந்தைகள், சமையலில் கை வைக்காத ஆண்கள் என்று 13 பேர். இரண்டாம் பந்தியில் சமைத்தவர்கள் அனைவரும், அவர்களோடு மீதிப் பேர். முதல் பந்தியில் சாப்பிட்டு எழுந்த மாமா, சித்தப்பா, மாப்பிள்ளை, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டாம் பந்திக்குப் பரிமாற வேண்டும். இதை அன்று சொன்னால் நடக்காது. அழைக்கும்போதே, யார் எந்த வாளியைத் தூக்குவது என்பதுவரை பெயரோடு சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் வருடம் என் மாமனார் தயங்கினார். அடுத்த வருடம் ரச வாளியை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றுவரை அதை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

இரண்டு பந்தி வைப்பவர்கள் செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். முதல் பந்தி முடியும்போது வடையும் வறுவலும் தீர்ந்து, இரண்டாம் பந்திக்குக் கூட்டும் ரசமும் மட்டுமே மிஞ்சும். ஆகவே பந்தி தொடங்கும் முன்பே ஒவ்வொரு பதார்த்தத்திலும் சரிபாதியை வேறு பாத்திரத்தில் எடுத்து மூடி, தனியே வைத்துவிடுங்கள். முதல் பந்தியில் யார் எவ்வளவு கேட்டாலும் அந்தப் பாத்திரம் திறக்கப்படக் கூடாது. சமைத்தவரின் பங்கு அதில்தான் இருக்கிறது. சாம்பாரையும் கூட்டையும் இலை போடும் நேரத்தில் மறுபடி நன்றாகச் சூடுபடுத்த ஐந்து நிமிடம் போதும்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குத் தரையில் உட்காரச் சொல்லும் சங்கடம் வேண்டாம். அதே கூடத்தில், அதே வரிசையின் தலைப்பில், மேசை நாற்காலி போட்டு இலையை அங்கே வையுங்கள். வேறு அறையில் தனியாக உட்காரவைத்தால் விருந்துக்கு வந்த மகிழ்ச்சியே அவர்களுக்குக் குறைந்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவரிடம் பாயசம் வேண்டாமா என்று பந்தி நடுவில் உரக்கக் கேட்காதீர்கள். சிறு கிண்ணத்தில் இரண்டு கரண்டி வைத்துவிட்டு அவர் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். முந்திரி ஒவ்வாத குழந்தை இருந்தால் தாளிப்பதற்கு முன்பே அதன் பங்கை எடுத்து வைக்க வேண்டும்.

வெயில் காலம் என்பதால் மிச்ச உணவில் கவனம் தேவை. சமைத்த உணவு சாதாரணமாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது; 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் உள்ள நாளில் அது ஒரு மணி நேரமாகக் குறைகிறது. பரிமாறும் வரை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வைத்திருந்தால் பயமில்லை. சாதத்தில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாமல் தங்கி, சாதம் வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது பெருகும். ஆகவே மிஞ்சிய சாதத்தைப் பரப்பி ஆறவைத்து உடனே குளிர்பெட்டிக்குள் வையுங்கள். உறவினருக்குக் கட்டிக் கொடுக்க விரும்பினால் வடை, வறுவல், வத்தக்குழம்பு கொடுக்கலாம். தேங்காய்ப்பால் பாயசமும் கூட்டும் தூரப் பயணத்துக்கு ஆகாது.

வெளியில் ஆர்டர் கொடுப்பதைப் பற்றி: சமைக்கும் கை வீட்டில் ஒன்றே ஒன்றுதான், உதவிக்கு யாரும் இல்லை என்றால் தயங்காமல் கொடுங்கள். அதற்காக யாரும் குறை சொல்ல இடமில்லை. அப்போதும் மாங்காய்ப் பச்சடியை மட்டும் நீங்களே செய்யுங்கள், வேப்பம்பூவை நீங்களே வறுங்கள்; ஒரு மணி நேர வேலை அது. உதவிக்கு இரண்டு பேர் இருந்தால் முழுவதையும் வீட்டிலேயே செய்துவிடலாம். பாத்திரம் தேய்க்க மட்டும் அன்றைக்கு ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவருக்கும் இரண்டாம் பந்தியில் ஓர் இலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.